பழைய வழங்கிக் கணினியில் மின்வழங்கல் அலகை மாற்றுதல்

பழைய வழங்கிக் கணினியில் மின்வழங்கல் அலகை மாற்றுதல் என்பது, பல ஆண்டுகள் இடைவிடாது இயங்கிய வழங்கிக் கணினி ஒன்றின் பழுதடைந்த மின்வழங்கல் அலகை நீக்கி, அதற்கு ஈடான வேறோர் அலகைப் பொருத்தும் பராமரிப்புப் பணி ஆகும். மின்வழங்கல் அலகு பொதுவாக பவர் சப்ளை என்றும், தமிழ்நாட்டுக் கணினிக் கடைகளில் எஸ்.எம்.பி.எஸ். என்றும் அழைக்கப்படுகிறது. மேசைக் கணினியில் இது நான்கு திருகாணிகளைக் கழற்றி மாட்டும் எளிய வேலை. பழைய வழங்கியில் அவ்வாறன்று. இணைப்பி கச்சிதமாகப் பொருந்திய பின்னும் அதன் ஊசிகளில் வரும் மின்னழுத்தம் வேறாக இருக்கக்கூடும். அந்நிலையில் பொத்தானை அழுத்திய கணமே தாய்ப்பலகை எரிந்துபோகலாம். அலகு சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். உற்பத்தி நின்றுபோன தாய்ப்பலகை எளிதில் கிடைக்காது. எனவே இப்பணியில் முதலில் பார்க்க வேண்டியது புதிய அலகின் வடிவமோ வாட் அளவோ அன்று. எந்த ஊசியில் எந்த மின்னழுத்தம், எவ்வளவு மின்னோட்டம், எந்தச் சைகை வருகின்றது என்பதையே பார்க்க வேண்டும்.

பழைய வழங்கிகள் பேணப்படும் காரணம்

புதிய கணினி மலிவாகக் கிடைக்கும் காலத்தில் பழையதைப் பழுதுபார்ப்பது வீண் என்று தோன்றலாம். ஆயினும் ஒரு தொழிற்சாலையின் பொறியை இயக்கும் மென்பொருளோ, ஒரு நூலகத்தின் பழைய பட்டியலோ குறிப்பிட்ட வன்பொருளிலும் இயக்குதளத்திலும் மட்டுமே இயங்குவதாக இருக்கும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினிகளில் பல மென்பொருட்களின் உரிமம் அக்கணினியின் அடையாள எண்ணுடன் பிணைக்கப்பட்டிருந்தது. அத்தகைய மென்பொருளை வேறு கணினிக்கு மாற்றப் புதிய உரிமம் வேண்டும்; அதை விற்ற நிறுவனமே மறைந்திருந்தால் அதற்கும் வழியில்லை.

வழங்கிகளுக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. அவை நிறுத்தப்படுவதே இல்லை. 1990 இல் டிம் பேர்ணர்ஸ்-லீ ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் உலகின் முதல் வலை வழங்கியாகப் பயன்படுத்திய நெக்ஸ்ட் கணினியின் மீது, இது ஒரு வழங்கி, இதன் மின்சாரத்தை நிறுத்தக்கூடாது என்ற பொருள்பட கையால் எழுதிய சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. ஓராண்டில் 8,760 மணி நேரம் உள்ளது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இயங்கும் மேசைக் கணினி மூன்று ஆண்டுகளில் அடையும் தேய்மானத்தை வழங்கியின் மின்வழங்கல் அலகு ஒரே ஆண்டில் அடைந்துவிடுகிறது.

அலகின் பணி

சுவரிலுள்ள மின்செருகியில் இருந்து வரும் மாறுதிசை மின்னோட்டத்தைக் கணினியின் சில்லுகளுக்கு ஏற்ற தாழ்ந்த நேர்த்திசை மின்னழுத்தங்களாக மாற்றுவதே அலகின் பணி ஆகும். 230 வோல்ட் மின்சாரம் முதலில் திருத்திகளின் வழியாகச் சென்று ஏறத்தாழ 325 வோல்ட் நேர்த்திசை மின்னழுத்தமாகிறது. இது பெரிய மின்தேக்கிகளில் சேமிக்கப்படுகிறது. பின்னர் திரான்சிஸ்டர்கள் இதனை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்துத் துண்டித்து ஒரு சிறிய மின்மாற்றிக்கு அனுப்புகின்றன. அதிர்வெண் உயர்ந்திருப்பதால் மின்மாற்றி மிகச் சிறியதாக இருந்தாலே போதும். மின்மாற்றியின் மறுபக்கத்தில் மீண்டும் திருத்தப்பட்டு, சமன் செய்யப்பட்டு, +12, +5, +3.3 வோல்ட் முதலிய வெளியீடுகள் கிடைக்கின்றன.

இவற்றோடு சில சைகைக் கம்பிகளும் உண்டு. வெளியீடுகள் யாவும் நிலைபெற்றுவிட்டன என்பதை அலகு தாய்ப்பலகைக்குத் தெரிவிக்கும் பவர் குட் சைகை அவற்றுள் ஒன்று. அது வரும்வரை செயலி தொடங்காது. மற்றொன்று தாய்ப்பலகை அலகை எழுப்பும் சைகை. 1995 இல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். தரநிலையில் இக்கம்பி பச்சை நிறமுடையது. அது தரையுடன் இணைந்தால் அலகு இயங்கத் தொடங்கும். கணினி அணைந்திருக்கும்போதும் ஊதா நிறக் கம்பியில் +5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். அணைக்கப்பட்ட கணினியில் மின்சாரம் இல்லை என்று எண்ணிக் கைவைப்பவர்கள் மறப்பது இதனைத்தான்.

பழுதடையும் விதம்

மின்வழங்கல் அலகில் முதலில் மூப்படைபவை விசிறியும் மின்பகு மின்தேக்கிகளும் ஆகும். அலுமினியத் தகடுகளுக்கு இடையே ஈரமான மின்பகுபொருளைக் கொண்ட இம்மின்தேக்கிகள் வெப்பத்தால் மெல்ல உலர்கின்றன. உலர உலர அவற்றின் கொள்ளளவு குறைகிறது, உள்தடை கூடுகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியசு குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் பொது விதி. 105 பாகையில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட மின்தேக்கி 65 பாகையில் இயங்கினால் அதன் ஆயுள் நான்கு முறை இரட்டித்து 32,000 மணி நேரமாகும். பெரிய எண்ணாகத் தோன்றினாலும் ஓயாமல் இயங்கும் வழங்கியில் இது நான்கு ஆண்டுகளுக்கும் குறைவே. விசிறியில் தூசி படிந்து காற்று குறைந்தால் இக்கணக்கும் சுருங்கும். இதனால்தான் நல்ல வழங்கி அலகுகளில் 5,000 மணி நேரத்திற்கும் மேற்பட்ட ஆயுளுடைய மின்தேக்கிகள் பயன்படுத்தப்படுகின்றன.

ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை உற்பத்தியான பல கணினிப் பாகங்களில் இச்சிக்கல் பெருமளவில் தோன்றியது. குறைபாடுள்ள மின்பகுபொருள் கொண்ட மின்தேக்கிகள், பெரும்பாலும் தாய்வான் உற்பத்தியாளர்களுடையவை, சில ஆண்டுகளிலேயே உப்பி வெடித்தன. இது மின்தேக்கிக் கொள்ளைநோய் என்று பெயர் பெற்றது. டெல் நிறுவனம் பழுதான தாய்ப்பலகைகளை மாற்றுவதற்காக 2005 இல் 300 மில்லியன் அமெரிக்க டாலர் ஒதுக்க நேர்ந்தது. அக்காலத்து வழங்கி ஒன்று அடிக்கடி தானே மீள்தொடக்கம் செய்யுமானால் மின்வழங்கல் அலகை மட்டும் குறைகூறாமல் தாய்ப்பலகையின் மின்தேக்கிகளையும் பார்ப்பது நல்லது. மேற்புறம் தட்டையாக இல்லாமல் உப்பியிருப்பதும், அடியில் பழுப்பு நிறக் கசிவு காணப்படுவதும் அடையாளங்கள்.

அலகு முற்றிலும் செத்துப்போவது ஒரு வகையில் நன்மையே. காரணம் உடனே தெரிந்துவிடும். பாதி பழுதான அலகு தரும் தொல்லை பெரிது. மல்டிமீட்டரில் 12 வோல்ட் சரியாகவே காட்டும். ஆனால் அதன்மேல் ஏறிய குற்றலைகளை அம்மானி காட்டாது. வன்தட்டுகள் காரணமின்றி அணியிலிருந்து விலகும், நினைவகப் பிழைகள் பதிவாகும், வேலை மிகும் நேரத்தில் மட்டும் கணினி நிற்கும். வன்தட்டையும் நினைவகத்தையும் மாற்றிச் சலித்த பிறகே பலரும் அலகின் பக்கம் திரும்புகின்றனர்.

பொருந்தும் இணைப்பியும் பொருந்தாத மின்னழுத்தமும்

1984 இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. கணினியின் வழிவந்த அலகுகளில் தாய்ப்பலகைக்கான மின்சாரம் பி8, பி9 என்னும் இரு ஆறு ஊசி இணைப்பிகளில் வந்தது. இரண்டும் அருகருகே செருகப்படுவன. இடம் மாற்றிச் செருகவும் முடியும். மாறினால் +12 வோல்ட் −5 வோல்ட்டுக்குரிய இடத்திலும், −12 வோல்ட் +5 வோல்ட்டுக்குரிய இடத்திலும் போய்ச் சேரும். கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும் என்பது அக்காலப் பழுதுநீக்குநர்கள் மனப்பாடமாக வைத்திருந்த விதி. 1990களின் முற்பகுதியைச் சேர்ந்த பல சிறு வழங்கிகள் இவ்வகையின.

ஏ.டி.எக்ஸ். தரநிலையின் 20 ஊசி இணைப்பி ஒரே பக்கமாக மட்டும் செருகக்கூடியது. ஆகவே அந்தப் பழைய தவறுக்கு முடிவு வந்ததாகவே கருதப்பட்டது. ஆனால் பென்டியம் 2, பென்டியம் 3 காலத்தில் டெல் விற்ற பல கணினிகளில் அதே 20 ஊசி இணைப்பியே இருந்தும் கம்பிகளின் வரிசை வேறாக இருந்தது. தரநிலை இணைப்பியில் 1, 2, 11 ஆம் ஊசிகளில் 3.3 வோல்ட் வரும். டெல்லின் அமைப்பில் முதன்மை இணைப்பியில் 3.3 வோல்ட்டே கிடையாது. அது தனியாக ஓர் ஆறு ஊசி இணைப்பியில் வந்தது. கடையில் வாங்கிய சாதாரண ஏ.டி.எக்ஸ். அலகு இப்பலகையில் தடையின்றிச் செருகிக்கொள்ளும். இயக்கியதும் பலகையோ அலகோ இரண்டுமோ எரியும். 2000 ஆம் ஆண்டுக்குப் பின் டெல் பொதுத் தரநிலைக்குத் திரும்பியது என்றாலும், அக்காலக் கணினிகளைப் பேணுவோர்க்கு இந்த எச்சரிக்கை இன்றும் பொருந்தும். வடிவத்தை வேறாக அமைத்துக் கம்பியையும் வேறாக அமைப்பது ஒரு நிறுவனத்தின் விருப்பம். வடிவத்தை ஒன்றாக வைத்துக் கம்பியை மட்டும் மாற்றுவது நியாயப்படுத்தக் கடினமான முடிவு.

24 ஊசி இணைப்பியிலும் இத்தகைய குழப்பம் உண்டு. 2001 இல் வெளிவந்த டயான் தண்டர் கே7 போன்ற ஏ.எம்.டி. இரட்டைச் செயலிப் பலகை 24 ஊசி இணைப்பியைக் கொண்டிருந்தது. ஆனால் அது வழங்கிகளுக்கான ஈ.பி.எஸ்.12வி தரநிலையின் 24 ஊசி அமைப்போ, 2003 இல் ஏ.டி.எக்ஸ். ஏற்ற 24 ஊசி அமைப்போ அன்று. அதற்கெனவே செய்த அலகு வேண்டியிருந்தது. பெருநிறுவனங்களின் பல வழங்கிகளில் தரநிலை எதையும் சாராத தனி அமைப்புகளே காணப்படுகின்றன.

கம்பியின் நிறத்தை மட்டும் நம்புவதும் போதாது. தரநிலையைப் பின்பற்றாத அலகு நிறங்களையும் பின்பற்ற வேண்டியதில்லை. ஓரளவு நம்பத்தக்க முதற் சோதனை ஒன்று உண்டு. மின்சாரம் முற்றிலும் நீக்கப்பட்ட தாய்ப்பலகையில் இணைப்பியின் ஒவ்வோர் ஊசிக்கும் பெட்டியின் உலோகச் சட்டத்துக்கும் இடையிலான தொடர்ச்சியை மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும். தரநிலை 20 ஊசி இணைப்பியில் 3, 5, 7, 13, 15, 16, 17 ஆகிய ஏழு ஊசிகள் தரை ஆகும். பலகையில் தரை ஊசிகள் வேறு இடங்களில் இருந்தால் அது ஏ.டி.எக்ஸ். அன்று என்பது உறுதி. ஏழும் ஒத்திருந்தாலும் மற்ற ஊசிகள் ஒத்திருக்கும் என்று பொருள்படாது. அதற்குப் பராமரிப்புக் கையேட்டைப் பார்க்க வேண்டும். பழைய அலகு இன்னும் ஓரளவு இயங்குமானால், அது இணைந்திருக்கும் நிலையிலேயே இணைப்பியின் பின்புறத்திலிருந்து ஒவ்வொரு கம்பியின் மின்னழுத்தத்தையும் அளந்து அட்டவணையாக எழுதி வைப்பதைவிடச் சிறந்த சான்று வேறில்லை. பழுது முற்றுவதற்கு முன் இதைச் செய்து வைப்பவர் மிகச் சிலரே.

வாட் அளவு தரும் மயக்கம்

பழைய அலகு 300 வாட், புதியது 500 வாட்; ஆகவே தாராளமாகப் போதும் என்ற முடிவு பல நேரங்களில் தவறாகும். வாட் என்பது எல்லா வெளியீடுகளின் கூட்டுத்தொகை. பென்டியம் 3 காலத்துப் பலகைகள் செயலிக்கான மின்சாரத்தைப் பெரும்பாலும் +5 வோல்ட்டிலிருந்து எடுத்தன. 2000 இல் பென்டியம் 4 உடன் வந்த நான்கு ஊசி 12 வோல்ட் இணைப்பி இப்பழக்கத்தை மாற்றியது. அதன் பின் வந்த அலகுகள் தம் திறனில் பெரும்பகுதியை +12 வோல்ட்டில் தருகின்றன. எனவே +5 வோல்ட்டில் 30 ஆம்பியர் தந்த 300 வாட் பழைய அலகுக்கு, அதில் 20 ஆம்பியர் மட்டுமே தரும் 500 வாட் புதிய அலகு ஈடாகாது. அலகின் பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ள அட்டவணையில் ஒவ்வொரு மின்னழுத்தத்துக்கும் எதிரேயுள்ள ஆம்பியர் எண்ணையும், +5 வோல்ட்டுக்கும் +3.3 வோல்ட்டுக்கும் சேர்த்துத் தரப்படும் உச்ச வரம்பையும் ஒப்பிட வேண்டும்.

தொடக்க நேரத்து மின்னோட்டமும் கணக்கில் வர வேண்டும். 3.5 அங்குல வன்தட்டு ஒன்று சுழலத் தொடங்கும்போது +12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். எட்டுத் தட்டுகள் ஒருங்கே எழுந்தால் 16 ஆம்பியர், அதாவது 192 வாட். ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகளை எழுப்பும் வசதி கட்டுப்படுத்தியில் இருந்தால் இச்சுமை குறையும்.

−5 வோல்ட் ஒரு தனிச் சிக்கல். பழைய ஐ.எஸ்.ஏ. விரிவட்டைகள் சிலவற்றுக்கு மட்டுமே தேவைப்பட்ட இவ்வெளியீடு 2000களில் தரநிலையிலிருந்து நீக்கப்பட்டது. அத்தகைய அட்டை உள்ள வழங்கியில் −12 வோல்ட்டிலிருந்து 7905 என்னும் சீராக்கிச் சில்லின் வழியாக −5 வோல்ட்டைப் பெறலாம். அத்தகைய அட்டை இல்லையெனில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இயங்கும்போதே மாற்றக்கூடிய அலகுகள்

நடுத்தர, பெரிய வழங்கிகளில் இரண்டு அலகுகள் சுமையைப் பகிர்ந்து இயங்கும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று முழுச் சுமையையும் தாங்கும். பழுதானதைக் கணினியை நிறுத்தாமலே பின்புறத்திலிருந்து உருவிப் புதியதைத் தள்ளிவிடலாம். 2006 இல் வந்த டெல் பவர்எட்ஜ் 2950 இவ்வகைக்கு எடுத்துக்காட்டு. அதன் அலகு ஒவ்வொன்றும் 750 வாட். இவ்வகை அலகுகள் பெரும்பாலும் முதன்மை வெளியீடாக +12 வோல்ட்டை மட்டுமே தருகின்றன. மற்ற மின்னழுத்தங்களை வழங்கியின் பலகையிலுள்ள சீராக்கிகள் உண்டாக்கிக் கொள்கின்றன. 2006 இல் கூகுள் பொறியாளர்கள் வீட்டுக் கணினிகளுக்கும் இதே 12 வோல்ட் முறையைப் பரிந்துரைத்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டனர்.

இங்கே மாற்றுதல் எளிது, தேர்ந்தெடுத்தலே கடினம். அலகின் உள்ளே சிறு நினைவகச் சில்லு ஒன்று இருக்கும். வழங்கி அதைப் படித்து அலகின் வகையையும் திறனையும் அறிந்துகொள்கிறது. 2009 இல் வந்த பவர்எட்ஜ் ஆர்710க்கு 570 வாட், 870 வாட் என இரு அலகுகள் உண்டு. இரண்டும் ஒரே இடைவெளியில் நுழையும். ஆனால் ஒன்றை இதுவும் மற்றொன்றை அதுவுமாகக் கலந்து பொருத்தினால் வழங்கி பொருத்தமின்மைப் பிழையைக் காட்டும். எச்.பி. நிறுவனம் 2009 இல் புரோலையன்ட் ஜி6 வரிசையுடன், பல வழங்கி வகைகளுக்கும் பொதுவான ஒரே வடிவ அலகுகளை அறிமுகப்படுத்தியது. பழைய வழங்கி வைத்திருப்போர்க்கு இது பெரும் நன்மையாயிற்று; ஒரு வகைக்குரிய உதிரி அலகு இன்னொரு வகைக்கும் உதவியது.

இரட்டை அலகுள்ள வழங்கியில் ஒரு நுட்பமான ஆபத்தும் உண்டு. ஓர் அலகு பழுதாகி மாதக்கணக்கில் செம்மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருக்க, கணினி வழக்கம்போல் இயங்குவதால் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். பின்னர் அதை மாற்ற வருபவர் அவசரத்தில் நல்ல அலகை உருவிவிட்டால் வழங்கி உடனே நின்றுவிடும். எதை உருவ வேண்டும் என்பதை விளக்கைக் கொண்டும், கண்காணிப்பு மென்பொருளின் பதிவைக் கொண்டும் இருமுறை உறுதி செய்துகொள்வது வழக்கம். புதிய அலகைச் செருகிய பின் வழங்கி அதை அறிந்துகொள்ளச் சில நொடிகள் ஆகும். பச்சை விளக்கு எரிந்த பின்னரே அடுத்த வேலையைத் தொடர வேண்டும்.

மாற்றும் முறை

ஒற்றை அலகுள்ள வழங்கியில் முதல் வேலை காப்புப்படி எடுப்பது. பல ஆண்டுகள் நிற்காமல் சுழன்ற வன்தட்டுகள் ஒருமுறை நின்று குளிர்ந்தால் மீண்டும் சுழலாமல் போவதுண்டு. எழுதுமுனை தட்டின் வழவழப்பான பரப்பில் ஒட்டிக்கொள்வதும், தாங்கிகளின் மசகு இறுகுவதும் இதற்குக் காரணங்கள். அலகு மாற்றும்போது இழக்கப்படும் தரவு பெரும்பாலும் மின்சாரத்தால் இழக்கப்படுவதில்லை, இந்த ஓய்வினால்தான். கணினியை முறைப்படி நிறுத்துவதும் முதன்மையானது. வன்தட்டு அணியின் கட்டுப்படுத்தி எழுதாமல் தற்காலிக நினைவகத்தில் வைத்திருக்கும் தரவு அப்போதுதான் தட்டில் எழுதப்படும். அதன் மின்கலம் மூப்படைந்திருந்தால் அத்தரவை அது நெடுநேரம் காக்காது.

தாய்ப்பலகையின் மின்கலமும் தீர்ந்திருக்கக்கூடும். மின்சாரம் வரும்வரை அதன் குறை வெளித்தெரியாது. நிறுத்தியதும் கடிகாரமும் அமைப்புகளும் அழிந்துவிடும். பழைய சன் கணினிகளில் மின்கலம் சில்லின் உள்ளேயே பதிக்கப்பட்டிருக்கும். அது தீர்ந்தால் பிணைய முகவரியும், முன்பு குறிப்பிட்ட அடையாள எண்ணும் அழியும். ஆகவே அவ்வெண்களை நிறுத்துவதற்கு முன்பே தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதன் பின் மின்கம்பியைச் சுவரிலிருந்து நீக்க வேண்டும். இரு அலகுகள் இருந்தால் இரு கம்பிகளையும் நீக்க வேண்டும். முன்பக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மீதி மின்னூட்டம் ஓரளவு வடியும். நிலைமின்சாரத்தைத் தடுக்கும் மணிக்கட்டுப் பட்டையை உலோகச் சட்டத்துடன் இணைத்துக்கொண்டு, இணைப்பிகள் இருந்த நிலையைப் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டிய பின் கழற்றலாம். பழைய நெகிழி இணைப்பிகள் வெப்பத்தால் நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும். கம்பியைப் பிடித்து இழுக்காமல், பூட்டுநாக்கை அழுத்தி இணைப்பியின் உடலைப் பிடித்து மெல்ல அசைத்து எடுக்க வேண்டும். இணைப்பியின் ஊசி ஏதேனும் கருகியிருந்தால் அங்கே தொடுகை தளர்ந்திருந்தது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் புதிய அலகை மாட்டினால் புதிய இணைப்பியும் கருகும்.

புதிய அலகை நேரடியாகத் தாய்ப்பலகையில் இணைக்காமல் முதலில் தனியே சோதிப்பது நல்லது. தேவையில்லாத பழைய வன்தட்டு ஒன்றையோ, 12 வோல்ட் 21 வாட் மகிழுந்து விளக்கு ஒன்றையோ சுமையாக மாட்டலாம். அவ்விளக்கு 1.75 ஆம்பியர் இழுக்கும். சுமையே இல்லாமல் இயக்கினால் சில பழைய அலகுகள் நிலைபெறாது. +5 வோல்ட்டில் சுமை இல்லாவிடில் நின்றுவிடும் அலகுகளும் உண்டு. ஏ.டி.எக்ஸ். அலகில் பச்சைக் கம்பியைக் கறுப்புடன் இணைத்தால் அது இயங்கத் தொடங்கும். +12 வோல்ட் 11.4 முதல் 12.6 வரையும், +5 வோல்ட் 4.75 முதல் 5.25 வரையும், +3.3 வோல்ட் 3.14 முதல் 3.47 வரையும் இருக்கலாம். −12 வோல்ட்டுக்கு மட்டும் பத்து விழுக்காடு ஏற்றத்தாழ்வு அனுமதிக்கப்படுகிறது. அலைநோக்கி வைத்திருப்போர் குற்றலையையும் பார்க்கலாம். 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டும், 5 மற்றும் 3.3 வோல்ட்டில் 50 மில்லிவோல்ட்டும் உச்ச வரம்பு.

இவை சரியாக இருந்தால் முதலில் வன்தட்டுகளை இணைக்காமல் தாய்ப்பலகையை மட்டும் இணைத்து இயக்க வேண்டும். பலகை வழக்கம்போல் தொடங்கினால் நிறுத்திவிட்டு வன்தட்டுகளை இணைக்கலாம். தவறு ஏதேனும் நேர்ந்திருந்தால் அதன் விலை பலகையோடு நிற்கும், தரவு தப்பும்.

அலகின் விசிறி காற்றைத் தள்ளும் திசையையும் கவனிக்க வேண்டும். வழங்கிப் பெட்டியின் காற்றோட்டம் முன்பக்கமிருந்து பின்பக்கமாக அமைந்தது. அதற்கு எதிர்த்திசையில் ஊதும் அலகு தன்னையும் அருகிலுள்ள செயலியையும் சூடாக்கும்.

115 வோல்ட் நிலைமாற்றி

அமெரிக்காவில் மின்வழங்கல் 120 வோல்ட். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட். பழைய அலகுகளின் பின்புறத்தில் 115, 230 என்று எழுதிய சிறு சிவப்பு நிலைமாற்றி இருக்கும். 115 நிலையில் அலகு வருகின்ற மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அந்நிலையில் 230 வோல்ட்டைச் செலுத்தினால் உள்ளே 650 வோல்ட் உண்டாகும். அங்கே தொடராக உள்ள இரு மின்தேக்கிகளும் பெரும்பாலும் தலா 200 வோல்ட் தாங்குவன. பெரும் ஓசையுடன் அவை வெடிக்கும். அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பழைய வழங்கியைச் செருகுவதற்கு முன் முதலில் பார்க்க வேண்டியது இந்நிலைமாற்றியே. பிற்கால அலகுகள் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் தாமே ஏற்றுக்கொள்கின்றன. அவற்றில் இந்நிலைமாற்றி இராது.

பழைய அலகையே பழுதுபார்த்தல்

ஈடான அலகு கிடைக்காதபோது பழையதைத் திறந்து மின்தேக்கிகளை மாற்றுவது மற்றொரு வழி. அதே மாதிரி எண்ணுள்ள பயன்படுத்திய அலகை வாங்குவது எளிதாகத் தோன்றினாலும், அதன் மின்தேக்கிகளும் அதே வயதுடையவை. திறக்கப்படாத பெட்டியில் இருபது ஆண்டுகள் இருந்த புதிய அலகும் இதற்கு விலக்கன்று. இயங்காமல் கிடந்த மின்பகு மின்தேக்கியின் உட்படலம் நலிவடைந்திருக்கும். அதற்கு மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தி அப்படலத்தை மீண்டும் உருவாக்க வேண்டியிருக்கும்.

அலகைத் திறப்பது மின்னணுவியல் பயிற்சி உடையோர்க்கு மட்டும் உரியது. முதன்மை மின்தேக்கியில் 325 வோல்ட்டும், திறன்காரணி திருத்தும் அலகுகளில் 390 வோல்ட் அளவும் மின்கம்பியை நீக்கிய பின்னும் தங்கியிருக்கலாம். 330 மைக்ரோபாரட் மின்தேக்கி 390 வோல்ட்டில் 25 சூல் ஆற்றலைக் கொண்டிருக்கும். இது உயிருக்கே ஆபத்தான அளவு. மின்னூட்டத்தை வடிக்க அமைந்த மின்தடை பழுதாகியிருந்தால் காத்திருப்பதாலும் பயனில்லை. திருப்புளியால் குறுக்கிணைத்து வடிப்பது தவறான பழக்கம். தகுந்த மின்தடையின் வழியாக வடித்து, மானியில் சுழியம் காட்டிய பின்னரே கைவைக்க வேண்டும். மாற்று மின்தேக்கி 105 பாகை வகையாகவும், உள்தடை குறைந்ததாகவும், மின்னழுத்த வரம்பு பழையதற்குக் குறையாததாகவும் இருத்தல் வேண்டும். கூட்டல், கழித்தல் முனைகளை மாற்றிப் பற்றவைத்தால் அது வெடிக்கும்.

தொழில்நுட்ப வரலாற்றுக்காகக் கணினிகளைப் பேணுவோர் சிலர் பழைய அலகின் உலோகப் பெட்டியையும் வெளிக்கம்பிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே நவீன அலகு ஒன்றைப் பொருத்துகின்றனர். வெளித்தோற்றமும் இணைப்பிகளும் மாறுவதில்லை. பழைய சுற்றுப்பலகையைத் தனியே எடுத்து வைத்தால் பின்னொரு நாள் மீண்டும் பொருத்தவும் முடியும்.

மின்செலவு

1990களின் அலகுகள் உள்ளெடுக்கும் மின்சாரத்தில் 65 முதல் 70 விழுக்காட்டையே பயன்படுத்தத் தந்தன, எஞ்சியது வெப்பமாயிற்று. 2004 இல் தொடங்கிய 80 பிளஸ் திட்டத்தின் பின்னர் 90 விழுக்காட்டை எட்டும் அலகுகள் பரவலாயின. 200 வாட் சுமையுள்ள வழங்கி 70 விழுக்காட்டு அலகில் 286 வாட்டும், 90 விழுக்காட்டு அலகில் 222 வாட்டும் இழுக்கும். வேறுபாடு 64 வாட் மட்டுமே என்றாலும், நில்லாது இயங்கும் வழங்கியில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 560 யூனிட் ஆகும். அவ்வெப்பத்தை அறையிலிருந்து அகற்றக் குளிர்சாதனம் செலவிடும் மின்சாரம் இதில் சேரவில்லை.